மொண்டெல்லோவில் செயற்கை மென் இரைகொண்டு ஸ்பிகோலா பிடித்தல்: வதிவாளர் அறிந்திருக்க வேண்டியவை

பெல்லெக்ரினோ மலைக்கும் கல்லோ மலைக்கும் இடையே வடகிழக்கு நோக்கித் திறந்திருப்பது மொண்டெல்லோ விரிகுடா. கோடையில் அது நீராடுவோரின் இடம். இலையுதிர்காலம் தொடங்கி நீராடுவோர் குறைந்ததும், விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் தூண்டிற்கோலுடன் நிற்போரைக் கரையெங்கும் காணலாம். அவர்களுள் பலர் நாடி வருவது ஸ்பிகோலா என்னும் மீனை. வட இத்தாலியில் இதே மீன் பிரான்சினோ எனப்படும்.

பலெர்மோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை இலங்கையிலிருந்து 1980களிலும் அதன் பின்னரும் வந்து குடியேறியவை. கடனீரேரியிலும் வாவியிலும் கொடுவா பிடித்துப் பழகியவர்கள் அவற்றில் உண்டு. கொடுவாவும் ஸ்பிகோலாவும் வெவ்வேறு குடும்பத்து மீன்கள். ஆயினும் இரண்டும் ஆழங்குறைந்த நீரில் கரையையொட்டி வேட்டையாடுபவை. இரண்டும் ஆற்றுமுகத்தையும் உவர்நீரையும் நாடுபவை. எனவே ஊரில் பெற்ற பழக்கம் இங்கும் ஓரளவு உதவும். உதவாதது ஊரின் வழக்கம் மட்டுமே. இங்கு எந்த இடத்தில், எந்த அளவில், எவ்வளவு பிடிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்துள்ளது.

அண்மைக்காலமாக இம்மீனுக்கு உயிரிரைக்குப் பதிலாக மென்மையான பிளாஸ்டிக்கால் செய்த இரைகளைப் பயன்படுத்துவோர் பலர். இவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் சிறிய மீனை உயிருடன் திரும்ப விடுவது எளிது. கவனமின்றிப் பயன்படுத்தினால் அறுந்துபோன ஒவ்வோர் இரையும் கடலில் நெடுங்காலம் கிடக்கும் குப்பையாகிவிடும். இவ்விரு பக்கங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மென் இரை என்பது யாது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரில் 1949ஆம் ஆண்டு நிக் கிரீம் என்பவர் வினைல் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்து மண்புழு வடிவிலான இரையைச் செய்தார். இன்று கடைகளில் விற்கப்படும் மென் இரைகளுக்கு அதுவே முன்னோடி. அங்கு அது நன்னீரில் வாழும் கரும்பாஸ் மீனைப் பிடிக்கப் பயன்பட்டது. காலப்போக்கில் புழுவுடன் பல்லி, நன்னீர் இறால், தவளை முதலிய உருவங்களும் வந்தன. கால், கொடுக்கு, மீசை, வால் எனப் பல உறுப்புகள் பொருந்திய இவற்றைப் பிராணி உருவ இரைகள் எனலாம். எந்த ஓர் உயிரையும் அப்படியே ஒத்திராமல், பல உயிர்களின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்தவையும் இவற்றுள் உண்டு.

ஸ்பிகோலா கரும்பாஸ் அல்ல. எனினும் அதன் உணவு இறால், நண்டு, கடற்புழு, சிறுமீன் ஆகியவையே. ஆகவே மொண்டெல்லோவில் இறால், நண்டு, புழு, மெலிந்த சிறுமீன் ஆகிய உருவங்கள் பயன்படும். 8 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ளவை போதுமானவை. நீர் தெளிந்திருக்கும்போது மணல் நிறமும் ஒளி ஊடுருவும் நிறங்களும் ஏற்றவை. கலங்கியிருக்கும்போது வெண்மையும் கடும் நிறங்களும் ஏற்றவை.

எப்போது, எங்கே?

ஸ்பிகோலா பொதுவாகக் குளிர்காலத்தில் முட்டையிடும். இலையுதிர்காலத்தில் அது கரையை நெருங்கி இரைதேடும். காற்றடித்துக் கடல் கலங்கி, பின்னர் தணியத் தொடங்கும் வேளை மிகவும் ஏற்றது. அலை பாறையில் மோதி வெண்ணுரை எழும் இடங்களில் இறாலும் நண்டும் நிலைகுலைந்து மிதக்கும். அவற்றைத் தேடி ஸ்பிகோலா நுரையின் கீழே வரும். பகல் வெளிச்சம் மிகுந்து நீர் தெளிந்திருக்கும் நேரத்தில் அது எளிதில் அகப்படாது.

மீனுக்கு ஏற்ற அதே வேளை மனிதருக்கு ஆபத்தானது என்பதை மறத்தலாகாது. அத்தௌரா பக்கத்துப் பாறைகள் பாசியால் வழுக்குபவை. கடல் தணிவதுபோலத் தோன்றினாலும் இடையிடையே பெரிய அலை எழும். பாறைக்கு ஏறுமுன் கால்மணி நேரம் தள்ளி நின்று அலைகளைப் பார்த்தல் வேண்டும். தனியே செல்லுதல், இருளில் கைவிளக்கின்றிச் செல்லுதல், வழுக்கும் காலணியுடன் செல்லுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடலில் யாரேனும் விழுந்தால் பின்தொடர்ந்து குதிக்காமல், மிதக்கக்கூடிய எதையேனும் எறிந்துவிட்டு, கடலோரக் காவற்படையின் அவசர இலக்கமான 1530ஐ அல்லது பொது அவசர இலக்கமான 112ஐ அழைக்க வேண்டும்.

கருவியும் இரை கோர்க்கும் முறையும்

2.1 முதல் 2.7 மீற்றர் வரை நீளமும், 10 முதல் 30 கிராம் வரை எறியும் திறனும் உள்ள தூண்டிற்கோல் கரையிலிருந்து பிடிப்பதற்குப் போதும். ரீலில் மெல்லிய பின்னல் நூலைச் சுற்றி, அதன் நுனியில் ஏறத்தாழ ஒரு மீற்றர் தடித்த தங்கூசி நூலை முடிதல் வழக்கம். பின்னல் நூல் பாறையில் உரசினால் எளிதில் அறும். தங்கூசி உரசலைத் தாங்கும். நூல் அறுவது குறைந்தால் கடலில் இழக்கும் இரையும் குறையும் என்பதால், இந்த ஒரு மீற்றரில் சிக்கனம் பார்க்கலாகாது.

இரையைக் கோர்க்கும் முறைகளுள் இரண்டு இங்கு ஏற்றவை.

முதலாவது, தலையில் ஈயம் வார்த்த தூண்டில் முள். முள்ளை இரையின் தலைவழியே செலுத்தி முதுகுப்புறமாக வெளியே எடுக்க வேண்டும். உடல் நேராக இருத்தல் அவசியம். வளைந்திருந்தால் நீரில் சுழன்று நூலை முறுக்கும். மணற்பாங்கான அடித்தளத்தில் இம்முறை நன்று.

இரண்டாவது, டெக்சாஸ் முறை எனப்படுவது. இதில் தோட்டா வடிவ ஈயம் நூலில் தளர்வாக ஓடும். வளைந்த கழுத்துடைய முள்ளின் நுனி இரையின் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும். மீன் கவ்வும்போது மென்மையான உடல் அமுங்கி நுனி வெளிப்படும். முள் மறைந்திருப்பதால் பாறையிலும் கடற்புல்லிலும் சிக்குவது குறைவு. விரிகுடாவின் அடியிலுள்ள பொசிதோனியா என்னும் கடற்புல் பல மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம். அது பாதுகாக்கப்பட்ட தாவரமும் ஆகும். புல்லும் பாறையும் உள்ள இடங்களில் இந்த இரண்டாம் முறையையே கைக்கொள்ளுதல் நன்று.

இரையை எறிந்தபின் அது அடித்தளத்தைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் கோலின் நுனியை மெல்ல உயர்த்தி, மீண்டும் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இரை எழுந்து விழும்போது கால்களும் மீசையும் அசையும். ஸ்பிகோலா பெரும்பாலும் இரை விழும்போதே கவ்வும். ஆதலால் நூலை முற்றிலும் தளரவிடாமல் விரலால் உணரும்படி வைத்திருத்தல் வேண்டும். வேகமாக இழுத்தல் தொடக்கநிலையினர் செய்யும் பொதுவான தவறு. நண்டும் இறாலும் அடித்தளத்தில் விரைந்தோடுவது சிறிது தூரமே, பின் நின்றுவிடும். இரையும் அவ்வாறே நகர வேண்டும்.

சிறிய மீனை உயிருடன் விடுதல்

உயிரிரையை மீன் பெரும்பாலும் விழுங்கிவிடும். முள் தொண்டையிலோ வயிற்றிலோ தைக்கும். செயற்கை இரையைக் கவ்விய மீன் பெரும்பாலும் உதட்டிலேயே மாட்டும். மென் இரையின் உண்மையான பயன் இதுவே.

இதன் முக்கியத்துவத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மகனுடன் வந்த ஒருவருக்கு முதலாவதாக 22 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பிகோலா கிடைக்கிறது. மகனுக்கு மகிழ்ச்சி, வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறான். மத்தியதரைக் கடலில் பிடிக்கக்கூடிய ஸ்பிகோலாவின் குறைந்தபட்ச நீளம் 25 சென்ரிமீற்றர். இதனை 2019ஆம் ஆண்டின் 1241ஆம் இலக்க ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி நிர்ணயித்துள்ளது. ஆகவே அந்த மீனை உடனே விட்டுவிட வேண்டும். பையில் வைத்திருப்பதே மீறலாகும். "பின்னர் விட எண்ணியிருந்தேன்" என்பது விடையாகாது.

நீளத்தை மூடிய வாயின் நுனியிலிருந்து வாற்செட்டையின் நுனிவரை அளக்க வேண்டும். தூண்டிற்கோலிலேயே 25 சென்ரிமீற்றருக்கு ஓர் அடையாளம் இட்டுக்கொள்வது எளிய வழி.

பெண் ஸ்பிகோலா முதன்முறை முட்டையிடுவதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளாவது ஆகும். அப்போது அதன் நீளம் 30 சென்ரிமீற்றரைத் தாண்டியிருக்கும். அதாவது சட்டம் அனுமதிக்கும் 25 சென்ரிமீற்றர் மீனும் ஒருமுறையேனும் இனம்பெருக்கியிராத மீனாக இருக்கலாம். எனவே பல தூண்டிற்காரர் தாமாகவே 35 அல்லது 40 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுகின்றனர். இது சட்டக் கடமையன்று. கடலுக்குச் செய்யும் உதவி.

மீனை விடும் முறை: தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை, அதாவது நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை, முன்கூட்டியே குறடால் நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழலும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பான காப்பை உரித்துவிடும். பூவில் பிடித்துத் தூக்கலாகாது. ஸ்பிகோலாவின் செவுள் மூடியிலும் முதுகுச் செட்டையிலும் கூரிய முட்கள் உண்டு, கை கிழியக்கூடும். முள் ஆழமாகத் தைத்திருந்தால் பிய்த்தெடுக்காமல் நூலை முள்ளருகே வெட்டிவிடுவது மேல்.

சட்டம் கூறுவன

கடலில் பொழுதுபோக்காக மீன்பிடிக்கக் கட்டண உரிமம் தேவையில்லை. ஆயினும் 2010 திசம்பர் 6ஆம் திகதிய அமைச்சுக் கட்டளைப்படி, மீன்பிடிப்பவர் தம்மைப் பற்றிய அறிவித்தலை அமைச்சுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். இது இலவசம், மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பிரதியையும் அடையாள ஆவணத்தையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். ஏரியிலும் ஆற்றிலும் பிடிப்பதற்கான விதிகள் வேறு; அவற்றுக்கு இவ்வறிவித்தல் பொருந்தாது.

ஒருவர் ஒரு நாளில் பிடிக்கக்கூடிய மொத்த அளவு 5 கிலோகிராம். தனியொரு மீனே அதற்கு மேற்பட்டதாயின் அந்த ஒரு மீன் அனுமதிக்கப்படும். ஒருவர் ஐந்துக்கு மேற்பட்ட கோல்களைப் பயன்படுத்தலாகாது. இவை 1968ஆம் ஆண்டின் 1639ஆம் இலக்கச் சனாதிபதி ஆணையில் உள்ளவை.

பிடித்த மீனை எவ்வகையிலும் விற்றலோ வணிகம் செய்தலோ 2012ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டவாக்க ஆணையால் தடைசெய்யப்பட்டுள்ளது. உணவகத்துக்குக் கொடுத்துப் பணம் பெறுதலும், தெரிந்தவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தலும் விற்பனையே. அயலாருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது விற்பனையாகாது.

துறைமுகத்தினுள்ளும் படகுகள் தங்கும் இடங்களிலும் மீன்பிடிக்க, 1942ஆம் ஆண்டின் கடற்பயணச் சட்டக்கோவையின் 79ஆம் உறுப்புரைப்படி, துறைமுகத் தலைவரின் அனுமதி வேண்டும். மொண்டெல்லோவின் சிறு துறையில் பிறர் பிடிப்பதைக் கண்டு தாமும் பிடிக்கலாம் என எண்ணுதல் பாதுகாப்பன்று. நீராடும் பருவத்தில் கடற்கரையில் எந்த நேரங்களில் தூண்டில் போடலாகாது என்பதை ஆண்டுதோறும் வெளியிடப்படும் கடலோரக் காவற்படையின் கட்டளை கூறும். பருவம் தொடங்குமுன் அதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி

மொண்டெல்லோவுக்கு வடமேற்கே கல்லோ முனையிலிருந்து இசோலா தெல்லே ஃபெம்மினே வரையுள்ள கடல், 2002 யூலை 24ஆம் திகதிய கட்டளையால் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக்கப்பட்டது. அது A, B, C என மூன்று வகை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. A வலயத்தில் எவ்வகை மீன்பிடிப்பும் இல்லை. B, C வலயங்களில் பொழுதுபோக்கு மீன்பிடி, கடற்பகுதியை நிருவகிக்கும் அமைப்பின் அனுமதிக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது.

கரையிலிருந்து பார்ப்பவருக்கு நீரின்மேல் எல்லைக்கோடு தெரியாது. A வலயத்தின் எல்லை மஞ்சள் மிதவைகளால் காட்டப்படும். மலையடிப் பாதையில் நடந்து போகும்போது வலயம் மாறியதை அறியாமல் தூண்டில் போடும் வாய்ப்பு உண்டு. எனவே கல்லோ முனைப் பக்கம் செல்ல விரும்புவோர் வலய வரைபடத்தை முன்கூட்டியே பெற்று, அனுமதி பற்றி எழுத்தில் கேட்டறிந்த பின்னரே செல்ல வேண்டும். அறியாமை தண்டத்திலிருந்து காக்காது.

பரிசோதனையின்போது

கடலோரக் காவற்படையினரும் ஏனைய காவல் அதிகாரிகளும் ஆவணத்தையும் பிடித்த மீனையும் பரிசோதிக்கலாம். மீறல் காணப்பட்டால் வெர்பாலே என்னும் அறிக்கை எழுதப்படும். மீனும் கருவியும் பறிமுதல் செய்யப்படலாம். அறிக்கையில் கையொப்பமிடுவது அதன் பிரதியைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. தாம் கூற விரும்புவதை அறிக்கையிலேயே பதியும்படி கேட்கலாம்.

1981ஆம் ஆண்டின் 689ஆம் இலக்கச் சட்டப்படி இரண்டு கால எல்லைகள் உண்டு. 30 நாள்களுக்குள் எழுத்துமூல விளக்கம் அனுப்பலாம். நேரில் விசாரிக்கும்படியும் கேட்கலாம். 60 நாள்களுக்குள் குறைக்கப்பட்ட தொகையைச் செலுத்தி விடயத்தை முடித்துக்கொள்ளலாம். மொழி விளங்கவில்லை என்பதற்காக அறிக்கையை வீட்டில் வைத்துவிடுவோர் இவ்விரண்டு வாய்ப்புகளையும் இழக்கின்றனர். கிடைத்த அன்றே, விளங்கக்கூடிய ஒருவரிடம் அதனைக் காட்ட வேண்டும்.

இழந்த இரை எங்கே போகிறது?

மென் இரை மக்குவதில்லை. வட அமெரிக்க ஏரிகளில் பிடிக்கப்பட்ட மீன்களின் வயிற்றில் இத்தகைய இரைகள் காணப்பட்டுள்ளன. நீரில் நெடுநாள் கிடந்தால் அவற்றுட் பல ஊதிப் பெருக்கும் என்பதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். விழுங்கிய மீனால் அதனைச் செரிக்க முடியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் 2013ஆம் ஆண்டு இவற்றைத் தடைசெய்யும் யோசனையே முன்வைக்கப்பட்டது.

இழப்பைக் குறைக்கும் வழிகள் எளியவை. கிழிந்த இரையைக் கடலில் எறியாமல் பையில் இட வேண்டும். சிக்கிய நூலை வெடுக்கென இழுக்காமல், பக்கவாட்டில் நடந்து வேறு கோணத்திலிருந்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை சிக்கினால் அங்கு எறிவதை விட்டுவிட வேண்டும். வெட்டிய நூல் துண்டுகளைப் பறவைகளின் காலில் சுற்றும்படி விட்டுச் செல்லலாகாது. "மக்கும்" எனப் பொறித்த இரைகளையும் கடலில் விடலாகாது. மக்குவதற்கு எடுக்கும் காலத்துக்குள் ஒரு மீன் விழுங்கிவிடும். பயன்படாத இரைகளை வீட்டில் வேறாக்கப்படாத கழிவுடன் சேர்க்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பிளாஸ்டிக்கை மென்மையாக்கத் தாலேற்று வகை வேதிப்பொருள்கள் சில இரைகளில் சேர்க்கப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றைச் சிறுவர் விளையாட்டுப் பொருள்களில் 0.1 வீதத்துக்கு மேல் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துள்ளது. பல்லியும் நண்டும்போல் வண்ண வண்ணமாக இருப்பதால் சிறு பிள்ளைகள் இவற்றை மிட்டாய் என்றோ விளையாட்டுப் பொருள் என்றோ எண்ணக்கூடும். எனவே எட்டாத உயரத்தில், மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்கலாகாது. இரையையும் ஈயத்தையும் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் இரைகளை ஒரே பெட்டியில் இட்டால் ஒன்றையொன்று உருக்கிவிடும்; வாங்கிய உறையிலேயே வைத்திருப்பது நன்று.

புறப்படுமுன் சரிபார்க்க

1. அமைச்சுக்கான அறிவித்தலின் பிரதி, அடையாள ஆவணம், இத்தாலியக் குடியுரிமை இல்லாதோர் வதிவிட அனுமதி.
2. செல்லும் இடம் துறையா, நீராடும் கரையா, பாதுகாக்கப்பட்ட வலயமா என்பது பற்றிய தெளிவு.
3. அளவுகோல், குறடு, கைவிளக்கு, வழுக்காத காலணி.
4. கிழிந்த இரைக்கும் நூலுக்கும் ஒரு பை.
5. காற்றும் அலையும் பற்றிய அன்றைய முன்னறிவித்தல்.

மீன்பிடி விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. நடைமுறையிலுள்ள கட்டளைகளையும் அறிவித்தற் படிவத்தையும் பலெர்மோ கப்பித்தனேரியா தி போர்த்தோ அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு வதிவாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.